குழப்படிக்காரனும் அமைதியான பிள்ளையும்

நாயாறு, செம்மலை, கொக்குத்தொடுவாய்ப் பக்கங்களில் வீடு வீடாகச் சென்று தாய்மாருடன் கதைக்கின்றபோது, பிள்ளைகளைப் பற்றி இரண்டு சொற்களைத்தான் நான் அதிகம் கேட்கிறேன். ஒன்று "குழப்படி". மற்றது "அமைதியான பிள்ளை". குழப்படிக்காரப் பிள்ளைக்கு அடி கிடைக்கிறது. அமைதியான பிள்ளைக்குப் பாராட்டுக் கிடைக்கிறது. இந்த இரண்டு பேருக்குமே சிலவேளை வைத்திய உதவி தேவைப்படலாம் என்பதைப் பற்றித்தான் இம்முறை எழுத விரும்புகிறேன். இங்கே வருகின்ற இரு குடும்பத்தாரும் எழுதுவதற்குச் சம்மதம் தந்திருக்கிறார்கள். ஆட்களை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

முதலில் குழப்படிக்காரன். 2024 இல் நான் அவனைக் கண்டபோது அவனுக்கு 9 வயது, நான்காம் தரம். காலையில் இரண்டு செருப்போடு பள்ளிக்கூடம் போகிறவன் பின்னேரம் ஒரு செருப்போடு வருவான். பென்சில் ஒரு கிழமைக்கு மூன்று வேண்டும். சோற்றுக்கோப்பையோடு இருத்தினால் இரண்டு வாய் தின்றுவிட்டு எழும்பி ஓடி, கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் மேல் நிற்பான். கேள்வியைக் கேட்டு முடிக்க முன்னரே மறுமொழி சொல்லுவான். வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியை இழுத்துக் கிறுக்கியதால் வாரத்தில் பாதி நாள் வகுப்பறைக்கு வெளியேதான் நின்றான். "அடுத்த வருசம் புலமைப்பரிசில், இவன் எங்கட பெறுபேற்றைக் கெடுத்துப்போடுவான்" என்று பாடசாலையில் யாரோ தாயின் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார்கள். பள்ளிக்கூடத்தை நிற்பாட்டிவிட்டு மாமனோடு வாடிக்கு அனுப்புவோமா என்று வீட்டில் யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் நான் போனேன்.

"அவனுக்கு வருத்தம் ஒண்டும் இல்லை மிஸ், கொழுப்பு" என்றார் தாய். "போனைக் குடுத்தா ரெண்டு மணித்தியாலம் அசையமாட்டான். மாமனுக்குப் பக்கத்தில இருந்து வலை பொத்தச் சொன்னா இருப்பான். புத்தகத்தைத் திறந்தா அஞ்சு நிமிசம் இல்லை. அப்ப இது கள்ளம்தானே?"

இந்தக் கேள்வியை அநேகமாக எல்லாத் தாய்மாரும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் கவனக்குறைபாடு மிகைச்செயற்பாடு என்று வைத்தியர்கள் சொல்லுகின்ற நிலையின் இயல்பே இதுதான். இந்தப் பிள்ளைகளுக்குக் கவனம் என்பது அறவே இல்லாமல் இல்லை. அதைத் தான் நினைத்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி வைக்கின்ற பிடிதான் பலவீனமாக இருக்கிறது. போனில் ஒவ்வொரு நொடியும் படம் மாறுகிறது, சத்தம் வருகிறது, உடனுக்குடன் வெற்றி கிடைக்கிறது. வலை பொத்துகிறபோது கை ஓயாமல் வேலை செய்கிறது, ஒரு கண்ணி முடிந்தால் முடிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. பெருக்கல் வாய்ப்பாட்டில் அப்படி ஒன்றும் உடனே வராது. காத்திருக்க வேண்டும். காத்திருப்பதுதான் அவனுக்கு முடியாத காரியம். உலகளவில் 100 பிள்ளைகளில் 5 பேரளவில் இந்த நிலை இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். போர் நடந்த நாட்டிலும் இருக்கிறது, ஒரு வெடிச்சத்தமும் கேளாத நாட்டிலும் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை நான் அழுத்திச் சொல்லுவதற்குக் காரணம் உண்டு. எங்கள் தாய்மார் எல்லாவற்றுக்கும் தங்களையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். இந்தத் தாய் 2009 மே மாதத்தில் வட்டுவாகல் பாலத்தைக் கடந்தபோது அவருக்கு வயது 14. "நான் பங்கருக்குள்ள கிடந்து நடுங்கின நடுக்கம்தான் இவனில வந்திருக்குது" என்று பல வருடமாக மனதுக்குள் வைத்திருந்தார். மாமியார் வேறு விதமாகச் சொன்னார்: கண்ணூறாம். அதற்காக வற்றாப்பளை கண்ணகி அம்மனுக்கு நேர்த்தியும் வைத்திருந்தார்கள். நேர்த்தி வைப்பதில் எனக்கு மறுப்பு எதுவும் இல்லை. வைகாசிப் பொங்கலுக்கு நானும் போகிறவள்தான். நேர்த்தியும் வைத்து, கிளினிக்குக்கும் போகலாம் என்றுதான் அந்த வீட்டிலும் சொன்னேன்.

போர் அனுபவம் கவனத்தைப் பாதிக்காது என்றும் இதை விளங்கிக்கொள்ளக் கூடாது. பயங்கரத்தை நேரில் கண்ட பிள்ளை திடுக்கிட்டபடி இருக்கும், நித்திரை கொள்ளாது, படிப்பில் மனம் நில்லாது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். வீட்டில் தினமும் சண்டை பார்க்கின்ற பிள்ளையும் அப்படித்தான். காது சரியாகக் கேளாத பிள்ளையும், கரும்பலகை மங்கலாகத் தெரிகின்ற பிள்ளையும், இரத்தத்தில் இரும்புச்சத்துக் குறைந்த பிள்ளையும்கூட "கவனம் இல்லாத பிள்ளை" என்றுதான் பெயரெடுக்கும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரோ, ரீச்சரோ, ஏன் என்னைப் போன்ற சமூகப் பணியாளரோ ஒரு பிள்ளையைப் பார்த்த மாத்திரத்தில் இதுதான் வருத்தம் என்று சொல்லிவிடக் கூடாது. இந்தப் பையனை முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குக் கொண்டுபோனபோது முதலில் காதும் கண்ணும் இரத்தமும் பார்த்தார்கள். காதும் கண்ணும் சரி. இரத்தம் குறைவு, அதற்குக் குளிசை கொடுத்தார்கள். பிறகு வீட்டில் எப்படி, பள்ளிக்கூடத்தில் எப்படி என்று இரண்டு பக்கமும் விசாரித்தார்கள். ஓரிடத்தில் மட்டும் குழப்படி என்றால் அந்த இடத்தில்தான் ஏதோ பிழை என்று பார்க்க வேண்டும். இரண்டு இடத்திலும், ஆறு மாதத்துக்கு மேலாக, 12 வயதுக்கு முன்னரே தொடங்கி இருந்தால்தான் இந்த நிலை என்று யோசிப்பார்கள்.

அன்று தகப்பனும் வந்திருந்தார். கடலுக்குப் போகாத நாள். வராமல் நிற்பதற்கு எத்தனையோ சாட்டுச் சொன்னவரை மாமியார்தான் ஏசி அனுப்பினார். குடும்பத்தில் வேறு யாருக்கும் சின்ன வயதில் இப்படி இருந்ததா என்று டொக்டர் கேட்டார். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நானும் இப்பிடித்தான் சேர். ஏழாம் வகுப்போட விட்டிட்டன். எனக்கு விழாத அடி இல்லை" என்றார். இந்த நிலை பரம்பரையில் வருவது அதிகம் என்று டொக்டர் விளங்கப்படுத்தினார். உயரமும் நிறமும் வருகின்ற மாதிரித்தான் இதுவும். தகப்பன் அதற்குப் பிறகு ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பி வருகிறபோது பஸ்ஸில் மகனை மடியில் இருத்தி வைத்திருந்தார். 9 வயதுப் பிள்ளை மடியில் இருக்கிற பிள்ளையா என்று நானும் நினைத்தேன், ஆனால் அவன் இருந்தான்.

அடியைப் பற்றிக் கட்டாயம் கதைக்க வேண்டும். "அடியாத மாடு படியாது" என்பது எங்கள் ஊரில் வேதவாக்கு. இந்தத் தாயும் அகப்பைக் காம்பால் அடிப்பவர். "அடிச்சுப்போட்டு குசினிக்குள்ள இருந்து நானும் அழுவன் மிஸ்" என்றார். அடித்தும் அவன் திருந்தவில்லை என்பதை அவரே ஒப்புக்கொண்டார். அப்படியானால் ஏன் தொடர்ந்து அடிக்கிறோம்? தாய் களைத்துப் போயிருக்கிறாள் என்பதுதான் உண்மையான மறுமொழி. விடிய 4 மணிக்கு எழும்பிச் சமைத்து, வாடியில் மீன் பிரித்து, கருவாடு பரப்பி, நுண்கடன்காரர் வருகின்ற நாளுக்குக் காசு சேர்க்கின்ற பெண்ணிடம் பொறுமையாக இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்ல வேண்டியிருக்கிறது. அடி விழுந்த பிள்ளையின் மனதில் அடி மட்டும்தான் நிற்கும், எதற்காக விழுந்தது என்பது நில்லாது. கவனக்குறைபாடு உள்ள பிள்ளைக்கு இது இரண்டு மடங்கு உண்மை.

எங்கள் வடகிழக்கிலேயே 296 தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை நேர்கண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2008 இல் வெளியானது. அதில் 82.4 வீதமான பிள்ளைகள் ஏதாவது ஒரு போர் அனுபவத்துக்கு உட்பட்டிருந்தார்கள். அது எமக்குப் புதினமல்ல. வீட்டுக்குள் ஏதாவது ஒரு வகை வன்முறையை அனுபவித்தவர்கள் 95.6 வீதம். அதாவது செல்லிலிருந்து தப்பிய பிள்ளைகூட வீட்டு அடியிலிருந்து தப்பவில்லை. அந்தப் பிள்ளைகளில் 30.4 வீதமானோருக்கு மனவடு நோயும் 19.6 வீதமானோருக்குப் பெரும் மனச்சோர்வும் இருந்தன. தகப்பனின் குடி எவ்வளவோ, பிள்ளை படுகின்ற துன்புறுத்தலும் அவ்வளவு என்றும் அந்த ஆய்வு காட்டியது. 2015 இல் வடக்கில் செய்து வெளியிடப்பட்ட இன்னோர் ஆய்வு மறுபக்கத்தைச் சொல்லுகிறது: பெற்றோரின் அன்பான பராமரிப்புக் கிடைத்த பிள்ளைகளை, எவ்வளவு பயங்கரத்தைக் கண்டிருந்தாலும், மனச்சோர்வு போன்ற உள்ளே அழுத்துகின்ற பிரச்சினைகள் அந்தளவுக்குத் தாக்கவில்லை.

பாடசாலையில் அடிக்கக் கூடாது என்று கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும், பிறகு 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சுற்றறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. "அடிச்சுத் திருத்துங்கோ ரீச்சர், கண்ணை மட்டும் விட்டிடுங்கோ" என்று தாய்மாரே சொல்லிவிட்டு வருகிற ஊரில் சுற்றறிக்கை என்ன செய்யும் என்பது வேறு கதை.

அந்த வீட்டில் என்ன மாற்றினார்கள் என்று கேட்டால், பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. தூரத்தில் நின்று கத்துவதை விட்டு, கிட்டப் போய், தோளில் கைவைத்து, முகத்தைப் பார்த்து ஒரு வேலையை மட்டும் சொல்லுவது. "கை கழுவி, உடுப்பு மாத்தி, புத்தகத்தை எடு" என்று மூன்றைச் சேர்த்துச் சொன்னால் முதலாவது மட்டும்தான் நடக்கும். பத்து நிமிடப் படிப்பு, பிறகு கிணற்றடியிலிருந்து ஒரு வாளி தண்ணீர், பிறகு பத்து நிமிடப் படிப்பு. ஓடித்திரிகிற உடம்புக்கு ஒரு வேலை. நல்லது செய்தால் அந்த நிமிடமே சொல்லுவது. "முதலாம் ஆளாய் வந்தால் சைக்கிள்" என்கிற மாதிரியான தூரத்து வாக்குறுதிகள் இந்தப் பிள்ளைகளிடம் வேலை செய்யாது. புத்தகப்பைக்கு வாசலில் ஓர் ஆணி. செருப்பின் கதை மட்டும் இன்னும் தொடர்கிறது. பள்ளிக்கூடத்தில் ஓர் இளம் ஆசிரியை அவனை முன் வாங்கில் இருத்தி, கொப்பி சேர்க்கின்ற பொறுப்பைக் கொடுத்தார். வகுப்பைச் சுற்றி நடக்க அவனுக்கு ஓர் அனுமதி கிடைத்த மாதிரி.

மாதங்கள் சில சென்றபின் டொக்டர் மருந்தும் தொடங்கலாம் என்றார். அங்கேதான் பிரச்சினை வந்தது. குளிசை என்றதும் தாய் பயந்துவிட்டார். ஊரில் பெடியள் ஐஸ், மாவா என்று அழிகின்ற கதைகள் தினமும் காதில் விழுகிற காலத்தில், மூளைக்குக் குளிசை என்றால் எந்தத் தாய்தான் பயப்பட மாட்டாள்? வைத்தியர் நிறுத்துக் கொடுத்து, மாதா மாதம் பிள்ளையின் நிறையும் பசியும் நித்திரையும் பார்த்துக் கொடுக்கின்ற மருந்துக்கும் ரோட்டில் விற்கிற போதைக்கும் உள்ள வித்தியாசத்தை டொக்டரே இருத்தி வைத்து விளங்கப்படுத்தினார். எல்லாப் பிள்ளைக்கும் மருந்து வேண்டும் என்றில்லை. இவனுக்குத் தொடங்கினார்கள். பசி குறைந்தது, அதனால் காலையில் குளிசைக்கு முன்னரே வயிறாரச் சாப்பாடு. வாடிக்கு அனுப்புகிற கதை நின்றுவிட்டது. இவன் விடயத்தில் எனக்குக் கவலை அதிகம் இல்லை. சத்தம் போடுகிற பிள்ளையை எப்படியும் யாரோ ஒருவர் திரும்பிப் பார்ப்பார்கள்.

மற்றவளைத்தான் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் 2009 இல் மெனிக் பாம் முகாமில் பிறந்தவள். தகப்பன் அந்த வருடம் காணாமல் ஆக்கப்பட்டவர். மகளின் முகத்தை அவர் கண்டதில்லை. தாயார் 2017 இல் முல்லைத்தீவில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் போராட்டம் தொடங்கிய பிறகு அந்தக் கொட்டகைக்குப் போய்வரத் தொடங்கினார். தகப்பனின் படத்தைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளையாய் அவளும் இருந்திருக்கிறாள். வீட்டில் அந்தப் படத்துக்குப் பூமாலை போடுவதில்லை. மாலை போட்டால் செத்தவர் என்று ஆகிவிடும். "அப்பா வந்தால்" என்றுதான் வீட்டில் எல்லாக் கதையும் தொடங்கும்.

15 வயதில் அவள் ஊரெல்லாம் மெச்சுகிற பிள்ளை. "சத்தம் வெளியில வராது, வேலியடிக்கு வராது, குடுத்ததைத் தின்னும்" என்று தாயார் பெருமையாகச் சொன்னார். நான் வேறு அலுவலாக, வாழ்வாதார உதவிப் படிவம் நிரப்பத்தான் போயிருந்தேன். கதையோடு கதையாகச் சில விடயங்கள் வந்தன. வயிற்றுக்குத்து என்று மாதத்தில் ஐந்தாறு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை, ஸ்கான் பண்ணியும் ஒன்றும் இல்லை. கணக்கில் எண்பது எடுத்தவள் முப்பது எடுக்கிறாள். விடிய மூன்று மணிக்கு முழித்துக்கொண்டு கிடக்கிறாள். கூடப் படிக்கிற பிள்ளைகள் தேடி வந்தாலும் கதவடியால் அனுப்பிவிடுகிறாள். சின்ன விடயத்துக்கும் தாயோடு எரிந்து விழுகிறாள். அதை மட்டும் தாயார் குறையாகச் சொன்னார்.

பிள்ளைகளுக்கு வருகின்ற மனச்சோர்வு பெரியவர்களுடையது மாதிரி அழுகையாகத்தான் வரும் என்று இல்லை. எரிச்சலாக வரும், வயிற்றுக்குத்தாக, தலையிடியாக வரும், சோம்பலாக வரும். முன்னர் ஆசையாகச் செய்த ஒன்றில் ஆசையில்லாமல் போகும். இரண்டு கிழமைக்கு மேல் அநேகமாக எல்லா நாளும் அப்படி இருந்தால் அதைப் பருவக் கோளாறு என்று விட்டுவிடக் கூடாது. எங்கள் சமூகத்தில் பெரியபிள்ளையான ஒருத்தி ஒடுங்கிப் போவதை நாங்கள் அடக்கம் என்று பெயர் வைத்து மெச்சுகிறோம். பெண் பிள்ளைகளின் மனச்சோர்வு எங்கள் கண்ணுக்குத் தப்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை என்பது என்னுடைய அபிப்பிராயம். (கவனக்குறைபாடும் இப்படித்தான். பெண் பிள்ளைகளில் அது ஓட்டமும் பாய்ச்சலுமாக வராமல் பகற்கனவாக வருவதுண்டு. அவர்களை "மந்தம்" என்று ஒதுக்கிவிடுகிறோம்.)

மூன்றாவது தடவை போனபோது கிணற்றடியில் தனியாகக் கதைத்தாள். "நான் இல்லாட்டில் அம்மாவுக்குச் செலவு குறையும் மிஸ்" என்றாள். சாதாரணமாக, அரிசி விலை சொல்லுவது போல.

இப்படி ஒரு வசனம் காதில் விழுந்தால் அதைக் கடந்து போகக் கூடாது. "விசர்க்கதை கதையாதை" என்று வாயை அடைக்கவும் கூடாது. நேரே கேட்க வேண்டும்: சாக வேண்டும் என்று நினைக்கிறாயா? எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாயா? கேட்டால் இல்லாத எண்ணத்தை ஊட்டிவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படி இல்லை. கேட்டது அந்தப் பிள்ளைக்கு ஆறுதலாகத்தான் இருக்கும். நான் கேட்டேன். அவள் யோசித்து வைத்திருந்தாள். அன்றைக்கே தாயாரிடம் சொல்லி, வீட்டிலிருந்த கிருமிநாசினியையும் அம்மம்மாவின் குளிசைகளையும் அப்புறப்படுத்தினோம். இரவு தாயார் அவளுக்குப் பக்கத்தில் படுத்தார். அடுத்த நாள் முதல் பஸ்ஸில் வைத்தியசாலை.

போகமாட்டேன் என்று முதலில் நின்றவர் தாயார்தான். "விசர் கிளினிக்குக்குக் கொண்டுபோனனெண்டு தெரிஞ்சா நாளைக்கு ஆர் வந்து பொம்பிளை கேப்பினம்?" என்றார். ஆண் துணையில்லாமல் ஒரு மகளை வளர்க்கின்ற தாயின் பயம் அது, சிரித்து ஒதுக்க முடியாதது. கலியாணத்தைப் பற்றிக் கதைக்க அவள் உயிரோடு இருக்க வேண்டும் அக்கா என்று மட்டும் சொன்னேன். கொஞ்சம் கடுமையான பேச்சுத்தான். அவர் சீலையை மாற்றிக்கொண்டு வந்தார்.

கிளினிக்கில் அவளோடு தனியாகவும் தாயோடு சேர்த்தும் கதைத்தார்கள். மருந்தும் கொடுத்தார்கள். அது வேலை செய்ய நாலைந்து கிழமை ஆகும், இடையில் சுகம் என்று நினைத்து நிறுத்தக் கூடாது, தொடக்கத்தில் பிள்ளையை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பிரதேச செயலகத்தின் உளவளத்துணை உத்தியோகத்தர் வீட்டுக்கு வரத் தொடங்கினார். அவரிடம்தான் அவள் ஒரு நாள் கேட்டாளாம், அப்பாவை நினைத்து அழலாமா, அழுதால் அம்மாவுக்குக் கோபம் வருமா என்று. காணாத தகப்பனுக்காக அழவும் முடியாமல், காத்திருக்கவும் முடியாமல் அந்தப் பிள்ளை இருந்திருக்கிறது. பேராசிரியர் தயா சோமசுந்தரம் வன்னி மக்களைப் பற்றி எழுதும்போது இதைத் தனி ஆளின் மனவடு என்று மட்டும் பார்க்காமல் கூட்டு மனவடு என்று சொல்லுவார். குடும்பமாகக் காயப்பட்டவர்களுக்குக் குடும்பமாகத்தான் வைத்தியம் செய்ய வேண்டியிருக்கிறது. தாயார் நம்பிக்கையை விடவில்லை, விடச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. ஆனால் இப்போது தகப்பனைப் பற்றி, அவர் எப்படிச் சிரிப்பார், கரைவலை இழுக்கும்போது என்ன பகிடி சொல்லுவார் என்றெல்லாம் மகளுக்குச் சொல்லுகிறார். "வந்தால்" என்று தொடங்காத கதைகள்.

உங்கள் பிள்ளையைப் பற்றி இப்படி ஏதும் சந்தேகம் இருந்தால் முதலில் குடும்பநல உத்தியோகத்தரிடமோ, பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தரிடமோ சொல்லலாம். நேரே வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்கும் போகலாம். காசு கட்டத் தேவையில்லை. தொலைபேசியில் கதைப்பதானால் தேசிய உளநல நிறுவனத்தின் இலக்கம் 1926. பிள்ளையை யாராவது துன்புறுத்தினால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

மூன்றாவது தவணையில் டொக்டர் தாயாரைப் பார்த்து, "நீங்கள் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போறனீங்கள் அம்மா?" என்று கேட்டார். 2009 க்குப் பிறகு தான் ஓர் இரவும் முழுதாக நித்திரை கொண்டதில்லை என்று தாயார் சொன்னார். அவரிடம் இதை அதுவரை யாரும் கேட்டிருக்கவில்லை. இப்போது அவருக்கும் ஒரு கிளினிக் கொப்பி இருக்கிறது. நாயாற்றிலிருந்து இரண்டு தரம் போய்வந்தால் இரண்டு நாட் கூலி போய்விடும் என்பதால், தாய்க்கும் மகளுக்கும் ஒரே நாளில் தவணை கேட்டு வாங்கியிருக்கிறோம்.